மதர்போர்டில் யாரும் திரும்பிப் பார்க்காத ஸ்லாட் உங்களுக்குக் கைகொடுத்ததுண்டா?

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். கோப்புகளைச் சேமித்து வைக்கும் பழைய கணினியில் நெட்வொர்க் போர்ட் திடீரென்று உயிரை விட்டது. கேபிளை மாற்றியும் விளக்கு எரியவில்லை. புதிய நெட்வொர்க் கார்டு போடலாம் என்று பெட்டியைத் திறந்தால், அந்த மாதிரிக் கார்டு செருகும் ஒரே எக்ஸ்1 ஸ்லாட்டின் மேல் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் படுத்திருந்தன.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், பின்பக்க போர்ட்களை ஒட்டி, வைஃபை கார்டுக்கென்று விடப்பட்டிருந்த சிறிய எம்.2 ஸ்லாட் கண்ணில் பட்டது. எந்தக் கார்டு பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் அதன் வெட்டு 'இ' வகை. எஸ்எஸ்டி அதில் நுழையாது. ஆனால் அதற்குள், கார்டுகள் தரவைப் பரிமாறும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடமும் யூஎஸ்பி 2.0 இணைப்பும் வருகின்றன. அப்படியானால் வைஃபை மட்டும்தான் போட வேண்டும் என்று என்ன கட்டாயம்? 22 மி.மீ. அகலமும் 30 மி.மீ. நீளமும் கொண்ட 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்றை வாங்கினேன். அதன் போர்ட் தனியாக, மெல்லிய கேபிளின் முனையில் வருகிறது. சாய்வாகச் செருகி, அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடுகளவு திருகை இடுக்கியால் முடுக்குவதற்குள் விரல் மரத்துவிட்டது. மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. பழைய போர்ட்டை விட இப்போது வேகமும் அதிகம்.

வைஃபைதான் போடப்போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. இன்டெலின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. பின்னதன் வேலையில் பாதி இன்டெல் கணினியின் சிப்புக்குள்ளேயே நடக்கிறது. ஏஎம்டி மதர்போர்டில் அதைச் செருகினால் கணினிக்கு அப்படியொரு கார்டு இருப்பதே தெரியாது.

•

எனக்குக் கைகொடுத்தது பென்டியம் காலத்து கோஸ்ட் (COAST) ஸ்லாட். பிராசஸருக்கு அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் வேகமான நினைவகமான இரண்டாம் நிலை கேஷைத் தனிக் கார்டாகச் செருகும் இடம் அது. என் மதர்போர்டில் காலியாகவே கிடந்தது. கழித்துப்போட்ட கணினி ஒன்றிலிருந்து 256 கிலோபைட் கார்டைக் கழற்றிப் போட்டேன். தொடக்கத் திரையில் கேஷ் அளவு தெரிந்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. எல்லாக் கார்டும் எல்லா மதர்போர்டுக்கும் ஒத்துப்போகாது என்பதால், அது வேலை செய்யும்வரை நெஞ்சு படபடத்தது.

•

நான் மாறுபடுகிறேன். ஏஎம்ஆர் (ஆடியோ/மோடம் ரைசர்) ஸ்லாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1998இல் இன்டெல் கொண்டுவந்த, 46 முனைகள் கொண்ட குட்டை ஸ்லாட் அது. தொலைபேசி இணைப்புக்கான பகுதியைத் தனிக் கார்டில் வைத்துவிட்டால், மோடத்துக்காக ஒவ்வொரு மதர்போர்டுக்கும் சான்றிதழ் வாங்கி அலைய வேண்டாம். தயாரிப்பாளருக்கு இது நல்ல ஏற்பாடு. எனக்கோ, மோடத்தின் கணக்கையெல்லாம் பிராசஸரே போட வேண்டியிருந்ததால், இணையத்தில் நுழையும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு திக்கியது. லினக்ஸுக்கு மாறியபோது அந்த மோடத்தை எழுப்பவே முடியவில்லை. அந்த இடத்தில் பலவகைக் கார்டுகளும் ஏற்கும் ஒரு பிசிஐ ஸ்லாட் இருந்திருந்தால் இன்றைக்கும் அதில் ஏதாவது செருகியிருப்பேன்.