‘மிகை’ என்றாலே குற்றமா?

ஏட்டுச்சுவடி: நேற்று ஒருவர் எழுதியிருந்தார், மிகைப்பயன்பாடும் தவறான பயன்பாடும் ஒன்றுதானாம், ‘மிகை’ என்றாலே குற்றமாம். குறள் 504-ஐப் பிரித்துப் பார்க்கட்டும். “குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.” குணம் கூடுதலா, குற்றம் கூடுதலா என்று எடை போடச் சொல்கிறது. அங்கே மிகை குற்றமா?

தும்பை: எழுதியது நான். ‘ஒருவர்’ என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் இரண்டாவது ‘மிகைபடக் கூறல்’. முடிந்தது கதை.

ஏட்டுச்சுவடி: அது நூல் எழுதுகிறவருக்குச் சொன்னது ஐயா. முதல் குற்றம் ‘குன்றக் கூறல்’. அப்படியானால் குறைத்துப் பயன்படுத்துவதும் குற்றமா? 504-க்குப் பதில் எங்கே?

வழிப்போக்கன்: வைரஸ் சளிக்கு ஒரே ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டாலும் அது தவறான பயன்பாடு. நாள் முழுக்கத் தட்டச்சு செய்து மணிக்கட்டு வலித்தால் அது மிகைப்பயன்பாடு. தட்டச்சில் தப்பு ஒன்றுமில்லை. இதற்கு இவ்வளவு சண்டையா?

தும்பை: மருத்துவ வகுப்பு யாரும் கேட்கவில்லை. வலிக்கிறதல்லவா? அப்போது மிகை குற்றம்தான். குறள் 941: “மிகினும் குறையினும் நோய்செய்யும்.”

ஏட்டுச்சுவடி: ‘குறையினும்’ கண்ணில் படவில்லையா? பாதி அடியை விழுங்குவது உங்களுக்குப் புதிதல்ல. ‘அமிதம்’ என்ற சொல்லைப் பற்றிய முந்தைய சண்டையிலும் இதே வேலைதான். 504, 504, 504.

தும்பை: மூன்று தடவை! நன்னூலின் மூன்றாவது குற்றம் ‘கூறியது கூறல்’.

ஏட்டுச்சுவடி: எட்டாவது ‘மற்றொன்று விரித்தல்’. அது யாருக்குப் பொருந்தும் என்று ஊருக்கே தெரியும்.

ஒற்றன்: நடுவில் ஒரு சந்தேகம். ‘மிகைபட’ என்பதில் ‘ப்’ என்ற ஒற்று இல்லை, ‘மிகைப்பயன்பாடு’ என்பதில் மட்டும் எப்படி வந்தது?

ஏட்டுச்சுவடி: ‘மிகைப்பயன்பாடு’ பண்புத்தொகை, வல்லினம் மிகும். ‘மிகைபட’ அப்படியில்லை, மிகை அங்கே எழுவாய்.

ஒற்றன்: அப்போது ‘வெளிப்பட’?

ஏட்டுச்சுவடி: அது வேறு.

தும்பை: பார்த்தீர்களா, மாட்டிக்கொண்டதும் ‘அது வேறு’! ஒற்றே தெரியாதவர் எனக்குக் குறள் நடத்துகிறார்.

வழிப்போக்கன்: மணிக்கட்டைப் பற்றி யாராவது...

தும்பை: நீங்கள் சும்மா இருங்கள்.

ஏட்டுச்சுவடி: ஒற்றைப் பற்றித் தனியாகப் பேசலாம், எனக்குப் பயமில்லை. முதலில் ‘மிகைநாடி’க்கு உரை சொல்லுங்கள். ‘குற்றம் நாடி’ என்று சொல்வீர்களா? அதுதான் அதே குறளில் முன்னாலேயே வந்துவிட்டதே!

தும்பை: உரை சொல்வேன், கேட்கிறவர் தகுதியைப் பார்த்து. மிகை குற்றம்தான்.