கஞ்சி காய்ச்சும் குழியில் விலைச்சீட்டு: பப்ளிஷரோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

கேம் டிசைனர், வேளச்சேரி:

இதை எழுதாமல் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். போன வாரம் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். காலேஜ் முடித்த கையோடு நாலு பேர் சேர்ந்து கேம் செய்கிறார்கள். கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் ஒரு பப்ளிஷர் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறாராம். "அண்ணா, கையெழுத்து போடலாமா?" என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதைச் சொன்ன நிறைவு வரவில்லை. அதனால் எங்களுக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். இந்த வழியில் வந்தவர்கள் உங்கள் கதையையும் சேருங்கள். எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பப் போகிறேன்.

நாங்கள் ஆறு பேர், ஒரு மாடி வீடு. செய்தது பல்லாங்குழி. போனில் பல்லாங்குழி ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். இருந்தது, ஆனால் எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் ஆடிய ஆட்டமாக அது இல்லை. எங்கள் வீட்டு முறையில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. பதினாலு குழிக்கு 70. கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம்.

இதில் என் மனசுக்கு நெருக்கமான இடம் தோற்கிற இடம். தோற்றவர் தன்னிடம் மிஞ்சியதை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனையை மட்டும் நிரப்பி அடுத்த ஆட்டம் ஆடுவார். ஐந்துகூடத் தேறவில்லை என்றால் குழிக்கு ஒன்றாகப் போடுவார். இதை ஆயா "கஞ்சி காய்ச்சறது" என்பார். ஒற்றைக் கொட்டையை வைத்துக்கொண்டு, எதிராளியின் கொட்டை தன் குழிக்குள் வந்து விழுமா, பசு பிறக்குமா என்று காத்திருந்து, அங்கிருந்து மீண்டு வருவதுதான் ஆட்டத்தின் உயிர். ஆயா அப்படி ஜெயித்த ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. திண்ணையில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

ஒலிக்காக நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பறக்கும் ரயிலின் கடைசி வண்டி போன பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, கம்பளிக்குள் மைக்கை வைத்து, ஆயாவின் பலகையிலேயே கொட்டைகளைப் போட்டுப் பதிவு செய்தோம். காலிக் குழியில் விழும் முதல் கொட்டைக்கு ஒரு சத்தம், கொட்டை மேல் கொட்டை விழுந்தால் வேறு சத்தம். நாலாவது விழும்போது அது இன்னும் கொஞ்சம் மந்தமாகும். கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் பசு வந்துவிட்டது தெரிய வேண்டும் என்று இருபதுக்கு மேல் பதிவுகளை மாற்றி மாற்றி வைத்தோம்.

பிறகு பப்ளிஷர் வந்தார். மூன்று தவணையில் அட்வான்ஸ். முதல் தவணையில் நாலு மாதச் சம்பளம் கொடுத்தோம், அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் மைல்ஸ்டோன், அதாவது ஒப்பந்தத்தில் குறித்த இரண்டாவது வேலைக் கட்டம், முடிந்ததும் ஓஎம்ஆர் ரோட்டில் ஒரு மீட்டிங். பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கேமை ஆடிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் சோதனை பில்டை, அதாவது சோதித்துப் பார்க்கக் கொடுத்த பதிப்பை, ஆடியவர்களைப் பற்றிய கிராஃபை நன்றாகப் படித்திருந்தார். ஓர் இடத்தில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. ஆடுபவர்கள் அதிக நேரம் தங்கிய இடம், தோற்றும் ஆட்டத்தை மூடாத இடம். கஞ்சி காய்ச்சும் இடம்!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆயா கண்ட ருசியை முகம் தெரியாதவர்களும் கண்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கோடே சாட்சி.

அவர் அதே கோட்டில் பேனாவை வைத்து, "இங்கதான் ஆள் தவிக்கறான். இங்க பத்து கொட்டை ரூ.29-னு ஒரு பாக்கெட் வைங்க. வாங்கலன்னா ஒரு விளம்பரம் பார்க்கட்டும்" என்றார்.

"சார், கொட்டையை வாங்கிட்டா கஞ்சி காய்ச்ச வேண்டியதே இல்லையே, அப்புறம் அந்த இடமே இருக்காதே" என்றேன். "உங்க உணர்வு புரியுது, ஆனா டே ஒன் ரிட்டென்ஷனை வெச்சு சம்பளம் போட முடியாது" என்று பதில் வந்தது. இன்ஸ்டால் செய்தவர்களில் எத்தனை பேர் மறுநாளும் ஆட வருகிறார்கள் என்ற கணக்கு அது. ஒப்பந்தத்தில் வருமானம் சம்பந்தப்பட்ட வடிவமைப்பில் பப்ளிஷர் முடிவே இறுதி என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். அந்த வரி கேமின் எந்த மூலைவரை நீளும் என்று யோசிக்கவில்லை.

பாக்கெட் வந்தது. அடுத்த அப்டேட்டில் எங்கள் புளியங்கொட்டைச் சத்தத்தை எடுத்துவிட்டு, நாணயம் கொட்டும் சத்தத்தை வைத்தார்கள். எட்டு மாதத்தில் கேமை ஆப் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஐபி, அதாவது கேமின் படைப்புரிமை, அவர்களுடையது. ஆயாவின் பலகையில் பதிவு செய்த அந்தச் சத்தங்களை இன்னொரு கேமில் வைக்க இன்று எனக்கு உரிமை இல்லை.

3டி ஆர்ட்டிஸ்ட், அம்பத்தூர்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன் சார்.

நான் அவுட்சோர்சிங்கில் ஒன்பது வருஷம். வெளிநாட்டு கேம் ஒன்றுக்கு ஒரு குதிரையின் சேணத்தை ஐந்து மாதம் செய்தேன். தோல் தேய்ந்த இடம், தையல் பிரிந்த இடம், வாரின் ஓட்டை இழுபட்டு நீண்டிருப்பது, எல்லாம் என் கை. கேம் வெளிவந்த அன்று அப்பாவை உட்கார வைத்து, செய்தவர்களின் பெயர்ப் பட்டியலான க்ரெடிட்ஸை ஓடவிட்டேன். இருபது நிமிஷம் ஓடியது. எங்கள் கம்பெனி பெயர் ஒரு வரி வந்தது. எங்கள் யார் பெயரும் இல்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

இது இன்று முளைத்த நோய் இல்லை. அடாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் கம்பெனியில் 1970களில் கேம் செய்தவர்களின் பெயர் பெட்டியில் வராது. ஒரு வருஷம் 10 கோடி டாலருக்கு, கேமைப் பதித்து விற்கும் கேட்ரிட்ஜ்களை விற்றதில் சுமார் 6 கோடி தங்கள் நாலு பேர் செய்த கேம்களால் வந்தது என்று அந்த நால்வரில் ஒருவரான டேவிட் க்ரேன் பின்னாளில் கணக்குச் சொன்னார். அவர்கள் தலைமை அதிகாரியிடம் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். ஜவுளித் தொழிலிலிருந்து வந்த அந்த அதிகாரி, கேட்ரிட்ஜைப் பெட்டியில் போடுகிற தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்ற பொருளில் பதில் சொன்னதாக அவர்கள் சொல்கிறார்கள். நாலு பேரும் வெளியேறி 1979-ல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனி. அவர்கள் வெளியிட்ட கேம்களில் செய்தவரின் பெயர் இருந்தது.

அதே அடாரியில் வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' கேமில் யாரிடமும் சொல்லாமல் ஓர் அறையைச் செய்து, அதற்குள் தன் பெயரை எழுதி வைத்தார். அந்த அறைக்குப் போக ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போக வேண்டும். கேம் 1980-ல் வந்தது. ஒரு பள்ளி மாணவன் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. இன்று கேமுக்குள் ஒளித்து வைத்த ரகசியங்களை ஈஸ்டர் எக் என்று எல்லாரும் ரசித்துத் தேடுகிறோமே, அதில் மிகப் புகழ்பெற்றது இப்படிப் பெயர் மறுக்கப்பட்ட ஒருவர் ஒளித்து வைத்தது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவின் முகம்தான் வருகிறது.

தம்பி, ஆர்ட்டிஸ்ட், டெஸ்டர், மொழிபெயர்த்தவர் எல்லார் பெயரும் க்ரெடிட்ஸில் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். காசு செலவில்லாத விஷயம். கேட்காததால்தான் பல பேர் கொடுப்பதில்லை.

டெஸ்டர், பள்ளிக்கரணை:

என் கதை சின்னது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அன்றுதான் எங்கள் மைல்ஸ்டோன் பில்ட் போக வேண்டிய நாள். தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. எங்கள் டீமை நடத்தும் லீட் தன் லேப்டாப்பைக் குப்பைப் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுப் பகுதியில் இருந்த நண்பர் வீட்டுக்கு நடந்தார். பில்ட் போய்ச் சேர நாலு நாள் தாமதம். வெள்ளப் படங்களை அனுப்பினோம். "பத்திரமா இருங்க" என்று பதில் வந்தது. அந்த மாதப் பணம் வரவில்லை, தேதி தவறியதால் அடுத்த பரிசீலனைக்குத் தள்ளிவிட்டார்களாம். ஜனவரி கடைசியில்தான் சம்பளம். பொங்கலுக்கு லீட் தன் கையிலிருந்து எனக்கு ஐயாயிரம் கொடுத்தார்.

இயற்கைப் பேரிடருக்கு எத்தனை நாள் அவகாசம் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். சென்னையில் இருந்துகொண்டு டிசம்பரில் மைல்ஸ்டோன் தேதி வைக்கவே வைக்காதீர்கள்.

முன்பு பப்ளிஷிங் பக்கம் ப்ரொட்யூசர், சோழிங்கநல்லூர்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த அதிகாரியை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பேனாவைத் தெரியும். நானும் அப்படிப் பல கிராஃபில் பேனா வைத்திருக்கிறேன். இலவச கேமில் ஒரு ஆளை இன்ஸ்டால் பண்ண வைக்க விளம்பரத்துக்குக் காசு கொடுக்கிறோம். அந்த ஆள் திருப்பித் தருவது அதைவிடக் குறைவாக இருந்தால், கேம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒவ்வொரு புது ஆளும் நஷ்டம். மேலிடத்தில் வாரா வாரம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். பத்து கேமில் ஒன்பது போட்ட பணத்தை எடுக்காதபோது, பத்தாவதைப் பிழிகிற புத்தி வந்துவிடும். எனக்கும் வந்தது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் டெவலப்பர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அட்வான்ஸ் கடன் மாதிரிதான். கேம் விற்றால் ஸ்டோர் முதலில் தன் பங்கை எடுக்கும். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீமில் அது பொதுவாக 30 சதவீதம். மீதியில் பப்ளிஷர் தான் கொடுத்த அட்வான்ஸையும், பல ஒப்பந்தங்களில் விளம்பரச் செலவையும் கழித்துக்கொள்வார். எல்லாம் கழிந்த பிறகுதான் உங்கள் "50 சதவீதம்" ஆரம்பிக்கும். விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு எழுதாவிட்டால் அந்த நாள் வராமலே போகலாம். நான் பார்த்துக்கொண்ட ஒரு டீமுக்கு வரவே இல்லை. அவர்கள் கேம் நன்றாகத்தான் ஓடியது. கணக்கு ஷீட்டை மாதா மாதம் அனுப்பியவன் நான். நான் வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

போனஸை ஏதாவது ஒரு எண்ணோடு கட்டினாலும் கவனம். 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 2010-ல் வந்தது. விமர்சகர்களின் மதிப்பெண்களுக்குச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால்தான் அதைச் செய்த அப்சிடியனுக்கு போனஸ். வந்தது 84. இதை அவர்கள் டிசைனர் கிறிஸ் அவெலோனே வெளியில் சொன்னார். ஒரு மதிப்பெண்ணில் போனது.

ப்ரோகிராமர், பெரம்பூர்:

பப்ளிஷர் இல்லாமல் சொந்தமாகச் செய்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவன் நான். நாங்கள் கேம் செய்யும் கருவி யூனிட்டி. 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கேம்களுக்கு இனி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணமாம். அன்று ராத்திரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். எங்களுடையது இலவச கேம், நிறைய இன்ஸ்டால், கொஞ்சம் வருமானம். அந்த அளவை எட்டினால், வளர வளர நஷ்டப்பட வேண்டும்! உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே தலைமை அதிகாரி ஜான் ரிச்சிட்டியெல்லோ விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். அதற்குள் நாங்கள் பயந்துபோய் மூன்று மாத வேலையைத் தூக்கிப்போட்டு கோடோ என்ற வேறொரு கருவிக்கு மாறியிருந்தோம். கருவி யாருடையதோ, அவர் போர்டு மீட்டிங்கும் நம் வீட்டுக்குள் வருகிறது.

ஆனாலும் சொந்தமாகவே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். டொராண்டோவில் ஒரு சின்ன டீம் 'வெண்பா' என்ற கேமைச் செய்ததே. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் குறிப்பு, இட்லியும் பிரியாணியும். 2023-ல் வந்தது, அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேம் விருது வாங்கியது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் முழுசாக ஆடலாம். நான் அதை முடித்துவிட்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன்.

கேம் டிசைனர், வேளச்சேரி:

எல்லாருக்கும் நன்றி. சோழிங்கநல்லூர் நண்பருக்குத் தனியாக நன்றி. அந்தப் பக்கத்திலிருந்து இதை எழுத மனசு வேண்டும்.

தம்பி ஒப்பந்தத்தை அனுப்பினான், நேற்று ராத்திரி படித்தேன். விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. கேமை ஸ்டோரிலிருந்து எடுத்தால் உரிமை டீமுக்குத் திரும்பும் என்ற வரி இல்லை. எங்களுக்கும் அந்த வரிதான் இல்லாமல் போனது. பதினோராவது பிரிவில், "வருமானம் சார்ந்த வடிவமைப்பு முடிவுகள்" என்று நான் கையெழுத்துப் போட்ட அதே சொற்கள்.

தம்பி, அந்தப் பிரிவை அடித்துவிடச் சொல்லிக் கேள். முடியாது என்றால், எந்தெந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று உங்கள் கேமிலிருந்து மூன்று இடங்களை நீங்களே பெயர் சொல்லி எழுதிச் சேர்க்கச் சொல். அந்த மூன்று எவை என்று நாலு பேரும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள், பிறகு சேர்த்து வைத்துப் பேசுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்களாம். வக்கீல் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருகிறார் என்று பதில் போடு. அவரிடம் நானே பேசி வைத்திருக்கிறேன்.