16 வயது மகளுக்கு ஸ்கூட்டி ஓட்ட எல்.எல்.ஆர் கிடைக்குமா? தளம் ஏற்க மறுக்கிறது

செல்வி (பாபநாசம் பக்கம்):
மகளுக்கு 16 முடிந்துவிட்டது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். டியூஷன் விட எட்டு மணி ஆகிறது. அதற்கு மேல் எங்கள் ஊருக்கு டவுன் பஸ் இல்லை. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் அந்த இருட்டு ரோட்டில் அனுப்ப மனசு வரவில்லை. வீட்டில் 110 சிசி ஸ்கூட்டி சும்மா நிற்கிறது. 16 வயதானால் கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் உண்டு என்றார்கள். ஆன்லைனில் எல்.எல்.ஆர் போடப் போனால், பிறந்த தேதியைக் கொடுத்ததும் 50 சிசி வகையைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை. ஆர்டிஓ ஆபீசில் நேரில் கேட்டால் நடக்குமா?

எட்டு போடும் மாஸ்டர்:
தளத்தில் கோளாறு இல்லை அக்கா. உங்களிடம் பாதி விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 4வது பிரிவுப்படி எந்த வண்டிக்கும் குறைந்தது 18 வயது வேண்டும். 16 வயதுக்காரர்களுக்கு 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டி மட்டும்தான், அதுவும் பெற்றோர் எழுத்துமூலம் சம்மதம் கொடுத்தால். உங்கள் 110 சிசி ஸ்கூட்டியில் கியர் இல்லாதது இங்கே கணக்கில் வராது. நேரில் போனாலும் அதே பதில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று எந்த ஷோரூமில் 50 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள்? சட்டத்தில் அனுமதி உண்டு, கடையில் வண்டி இல்லை.

செல்வி:
மாமனாருடைய டிவிஎஸ் 50 இருக்கிறதே, அதை ஓட்டலாமா?

எட்டு போடும் மாஸ்டர்:
ஆர்சி புத்தகத்தில் சிசி எவ்வளவு என்று பாருங்கள். ஊரில் எல்லா எக்ஸ்எல்லையும் டிவிஎஸ் 50 என்றுதான் கூப்பிடுவோம். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, எக்ஸ்எல் 100 என்றால் 99.7. இரண்டும் ஆகாது.

ராக்கெட்ராஜா:
எங்க தெருவுல பத்தாவது படிக்கிற பசங்களே ஓட்டுறாங்க. ஹெல்மெட் போட்டா யாரு நிறுத்தப் போறா?

வக்கீல் குமாஸ்தா:
தம்பி, நிறுத்தாத வரைக்கும் சரி. 2019 செப்டம்பரிலிருந்து 199ஏ பிரிவு அமலில் இருக்கிறது. சிறுவர் ஓட்டிக் குற்றமானால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர்கூடக் கிடையாது. வீட்டுச் சம்மதத்தோடுதான் எடுத்தார் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விபத்தாகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு, அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். வீடு வாசலை விற்கும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு.

செல்வி:
ஐயோ, ஸ்கூட்டிச் சாவியை ஒளித்துவைக்கிறேன். டவுனில் ஒரு கடையில் பேட்டரி ஸ்கூட்டர் காட்டி, லைசென்ஸே வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

மின்வண்டி மெக்கானிக்:
எல்லா பேட்டரி வண்டிக்கும் அந்தச் சலுகை கிடையாது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு, நம்பர் பிளேட், லைசென்ஸ் எதுவும் வேண்டாம். இதில் ஒன்று மீறினாலும் பெட்ரோல் வண்டி மாதிரியே எல்லாம் வேண்டும். வாங்கும் முன் அந்த மாடலுக்கான சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ மாதிரியான அமைப்புகள் கொடுப்பது. அப்புறம் ஓட்டிப் பார்க்கும்போது வேகமுள் 25ல் நிற்கிறதா என்று பாருங்கள்.

செல்வி:
போய்க் கேட்டேன். சான்றிதழ் பிறகு தருகிறோம் என்றார். "25 போதாதுன்னா சொல்லுங்கம்மா, ஒரு வயரைக் கழட்டிவிட்டா 45 போகும்" என்று தானாகவே சொன்னார்!

மின்வண்டி மெக்கானிக்:
அதுதான் பொறி. அந்த வயரைக் கழற்றினால் அது நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் வாகனம், வக்கீல் அண்ணன் சொன்ன பிரிவு அப்படியே பாயும். சான்றிதழைக் கையில் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். பில்லில் மாடல் பெயரும் மோட்டார் வாட்டும் எழுதி வாங்குங்கள். ஹெல்மெட் சட்டம் கேட்காவிட்டாலும் போட்டுவிடுங்கள். இருட்டு ரோடு என்கிறீர்கள், முன் லைட் வெளிச்சத்தை ராத்திரியில் ஒருமுறை சோதித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

செல்வி:
சரி தம்பி. கும்பகோணத்தில் இன்னொரு கடை இருக்கிறதாம், சனிக்கிழமை சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.