ட்யூனிங் செய்தபின் மைலேஜ் இன்னும் குறைந்துவிட்டது, அவசர உதவி தேவை

திண்டல்_பிரபு:
வணக்கம் நண்பர்களே. என் பைக் முன்பு லிட்டருக்கு 52 கி.மீ. கொடுத்தது. கொஞ்ச நாளாக 48க்கு இறங்கியதால் மெக்கானிக்கிடம் விட்டு மைலேஜ் ட்யூனிங் செய்தேன். பிளக், ஏர் ஃபில்டர், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். இப்போது 44தான் வருகிறது! கேட்டால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், 2,400 ஆகும் என்கிறார். மாற்றலாமா? நாளைக்குள் அவரிடம் சொல்ல வேண்டும்.

கோவை_லேத்து:
என்ன வண்டி, எத்தனை சிசி, எந்த வருடம்?

பழைய_டூஸ்ட்ரோக்:
வண்டியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் மைலேஜ் மட்டும் கேட்பவர்களுக்குத் தனி இழையே திறக்கலாம். தம்பி, 44 என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள். இங்கே நான் பலமுறை எழுதியதுதான். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

எத்தனால்_வேண்டாம்:
இதற்கு எதற்கு இத்தனை கேள்வி? இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம். கார்புரேட்டரைத் தங்கத்தில் செய்து போட்டாலும் 52 திரும்பி வராது.

நாமக்கல்_சேகர்:
பவர் பெட்ரோல் போட்டுப் பாருங்கள் ப்ரோ. என் வண்டி சும்மா பறக்கிறது.

கணக்கு_வாத்தியார்:
சேகர், பறப்பது இருக்கட்டும். பவர் பெட்ரோல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல் என்று வைப்போம். சாதா பெட்ரோல் 101 என்று வைத்தால், மைலேஜும் ஏழெட்டு சதவீதம் ஏறினால்தான் கைக்காசு சமமாகும். அதில் ஆக்டேன் கூடுதல். ஆக்டேன் கூடினால் நாக்கிங், அதாவது இன்ஜின் தட்டும் சத்தம், குறையும், அவ்வளவுதான். நாக்கிங்கே இல்லாத, தினசரி ஓட்டும் சாதாரண பைக் இன்ஜினுக்கு அதில் என்ன கிடைக்கும்?

நாமக்கல்_சேகர்:
ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன் சார். கணக்கில் எல்லாம் வராது.

திண்டல்_பிரபு:
மன்னிக்கவும், ஷிஃப்டில் இருந்தேன். 125 சிசி, 2016 மாடல், கார்புரேட்டர் வண்டி. ரிசர்வ் விழுந்ததும் 200 ரூபாய்க்குப் போட்டு, மறுபடி ரிசர்வ் விழும்வரை ஓட்டினேன். 87 கி.மீ. வந்தது. தினமும் பெருந்துறை சிப்காட் போய் வர 35 கி.மீ.

பழைய_டூஸ்ட்ரோக்:
நினைத்தேன். 200 ரூபாய்க்கு இரண்டு லிட்டர்கூட முழுதாக வராது தம்பி. ரிசர்வ் விழும் இடம் மேடா பள்ளமா என்பதைப் பொறுத்து 150 மில்லி முன்னே பின்னே போகலாம். இரண்டு லிட்டரில் அது ஏழரை சதவீதம், அதாவது உங்கள் 44இல் மூன்று கி.மீ. இதை வைத்துக்கொண்டு கார்புரேட்டரை மாற்றப் போகிறீர்கள்!

டேங்க் டு டேங்க் பாருங்கள். டேங்கை முழுதாக நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 250, 300 கி.மீ. ஓட்டியபின் அதே பங்கில், அதே ஸ்டாண்டில் நிறுத்தி, அதே மட்டம் வரை நிரப்புங்கள். ஓடிய கி.மீ.யை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ்.

கணக்கு_வாத்தியார்:
மைலேஜை விட்டுவிட்டு கி.மீ.க்கு எத்தனை காசு என்று பாருங்கள் பிரபு. 52 கொடுத்தால் கி.மீ.க்கு 1.94 ரூபாய், 44 கொடுத்தால் 2.30. மாதம் 25 நாள் போனால் 875 கி.மீ. வித்தியாசம் சுமார் 310 ரூபாய். புது கார்புரேட்டர் 52ஐ அப்படியே மீட்டுக் கொடுத்தால்கூட 2,400 திரும்ப எட்டு மாதம் ஆகும். 48க்கு மட்டும் ஏறினால் மாதம் 170 போலத்தான் மிச்சம், ஒரு வருடத்துக்கும் மேலே போய்விடும்.

எத்தனால்_வேண்டாம்:
எல்லோரும் இ20ஐப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்கள்.

கணக்கு_வாத்தியார்:
நழுவவில்லை. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே இ10க்கு அமைத்த டூவீலருக்கு 3, 4 சதவீத இழப்பு என்றுதான் சொன்னது. 52இல் அது இரண்டு கி.மீ. இவருக்கு எட்டு போயிருக்கிறது, மீதி ஆறு எங்கே?

எத்தனால்_வேண்டாம்:
அரசாங்கம் சொல்வதை எல்லாம் நம்புகிறவர்களுடன் பேசிப் பயனில்லை.

கோவை_லேத்து:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பிரபு, ஜெட் என்ன நம்பர் போட்டார்? பழைய நம்பர் என்ன? மைலேஜுக்கு என்று சின்ன ஜெட் போட்டு லீனாக (பெட்ரோல் குறைவாக) விட்டிருப்பார் என்பது என் சந்தேகம். அப்படி விட்டால் வண்டி இழுக்காது, நாம் திராட்டிலை இன்னும் முறுக்குவோம், இன்ஜினும் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச் (பெட்ரோல் கூடுதல்). கார்புரேட்டரில் உள்ள மிக்சர் ஸ்க்ரூவை நீங்களாகத் திருகாதீர்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கான ஸ்க்ரூ, வெளியே திருகினால் லீன் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கானது, வெளியே திருகினால் ரிச் ஆகும். வீடியோ பார்த்துத் திருகுகிற பாதிப்பேருக்கு இது தெரியாது.

பழைய_டூஸ்ட்ரோக்:
லேத்துக்கு எல்லா வியாதிக்கும் ஜெட்தான் மருந்து. ட்யூனிங் தவிர வேறு என்ன வேலை நடந்தது என்று யாராவது கேட்டீர்களா?

திண்டல்_பிரபு:
பின் பிரேக் ஷூ மாற்றினார். முன் டயரும் புதிது, 2.75 சைஸுக்குப் பதில் 80/100 சைஸ். அதெல்லாம் மைலேஜுக்குச் சம்பந்தம் இல்லையே?

பழைய_டூஸ்ட்ரோக்:
சம்பந்தம் இல்லையாம்! சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசி உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வண்டிக்கு ஸ்பீடோ கேபிள் முன் சக்கரத்திலிருந்துதானே வருகிறது? டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் கூடும், ஓடோமீட்டர் அதை அறியாது. சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். உங்கள் 44 உண்மையில் 45க்கு மேல்.

நாமக்கல்_சேகர்:
காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் போடுங்கள் ப்ரோ, குளிர்ச்சியாக இருப்பதால் அளவு கூடுதலாகக் கிடைக்கும். 200க்குப் போடாமல் 210க்குப் போடுங்கள், ரவுண்டான தொகைக்கு மீட்டர் செட் செய்து வைத்திருப்பார்கள்.

கணக்கு_வாத்தியார்:
பங்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது சேகர். காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறாது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதம்தான் விரியும். அளவில் சந்தேகம் என்றால் பங்கில் ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்கும், பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. 210க்குப் போட்டால் பத்து ரூபாய் கூடச் செலவாகும், வேறொன்றும் ஆகாது.

நாமக்கல்_சேகர்:
எங்கள் ஊர் பங்கில் பாத்திரம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

எத்தனால்_வேண்டாம்:
இதில் மட்டும் சேகர் சொல்வது சரி.

திண்டல்_பிரபு:
பின் சக்கரம் உரசிக்கொண்டுதான் இருந்தது. பிரேக் ராடு நட்டைத் தளர்த்திவிட்டு டேங்க் டு டேங்க் பார்த்தேன், 48.5 வந்தது. கார்புரேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கணக்கு_வாத்தியார்:
டயருக்கான 3 சதவீதத்தையும் சேர்த்தால் 50 கிட்ட வருகிறது. பழைய 52இல் இ20க்கு இரண்டு கழித்தாலும் அதே 50தான், கணக்கு நேராகிவிட்டது.

கோவை_லேத்து:
எதற்கும் அந்தப் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள் பிரபு. பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நம்பரை இங்கே போடுங்கள்.

கோவை_லேத்து:
பிரபு, நம்பர்?