யுனிவர்சிட்டி வெப்சைட்டை மாற்றப் போகிறோம், யாரிடம் எப்படிக் கருத்து கேட்பது?

கடைசிநாற்காலி:
வணக்கமுங்க. கொங்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். வெப்சைட்டை முழுசா மாற்ற கமிட்டி போட்டிருக்கிறார்கள். டிசைனுக்கு ஆள் பிடிக்கும் முன்னால் பயன்படுத்துகிறவர்களைக் கேட்க வேண்டாமா என்று கூட்டத்தில் வாயைக் கொடுத்தேன், சரி நீயே கேள் என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

முகப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் போட்டேன், 22 கேள்வி. மூன்று வாரத்தில் வந்த பதில்களில் பாதி எங்கள் துறைக்காரர்களே போட்டது. மிச்சத்தில் "ரிசல்ட் எப்போ வரும்" என்பதுதான் அதிகம். ஒருத்தர் "சூப்பர்" என்று மட்டும் எழுதியிருக்கிறார், எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. படிக்கிற பிள்ளைகள், தபால்வழியில் படிக்கிறவர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர், இவர்களையெல்லாம் எப்படிங்க பிடிப்பது? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தாராபுரத்தான்:
அண்ணா, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். எந்த யுனிவர்சிட்டி வெப்சைட்டாக இருந்தாலும் அதை நடத்துகிறவர்களை விட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன். சுத்துப்பட்டு கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து "அண்ணா எக்ஸாம் ஃபீஸ் கட்டணும்" என்று நிற்கும், அது 'தேர்வு' மெனுவில் இருக்கா, 'மாணவர் சேவை'யில் இருக்கா, இல்லை 'டவுன்லோட்ஸ்' உள்ளே ஒளிந்திருக்கா என்று வருசத்துக்கு ஒருமுறை மாறும். அதனால் நான் நேரடி லிங்க்கை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், முகப்புப் பக்கத்துக்கே போவதில்லை. அஞ்சு வருசத்துக்கு முந்தின சர்குலர் பக்கத்தில் இன்னும் 'நியூ' என்று மினுக்கிக்கொண்டு இருக்கும். விண்ணப்பத்தைப் படுக்கை வாக்கில் ஸ்கேன் பண்ணிப் போட்டிருப்பார்கள், பிள்ளை கழுத்தைச் சாய்த்துப் படிக்கும். பணம் போய்விட்டு ரசீது வராமல் நின்றால் யாருக்குப் போன் போடுவது என்று எங்கேயும் இருக்காது, பிள்ளை அழும், திட்டு எனக்கு விழும்.

ஃபார்மெல்லாம் வேண்டாம். ஃபீஸ் கட்டுகிற கடைசி நாளில் என் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

சரவணம்பட்டிஐடி:
இதே சோலியில் இருக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். தாராபுரத்தண்ணா சொன்னதுதான் முறையே. "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் ஜனங்கள் சாட்பாட் வேண்டும், ஆப் வேண்டும் என்று எதையாவது சொல்வார்கள். "டிகிரி சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பிக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள், இந்த வாயை மூடுவதுதான் கஷ்டம், "அங்கே இல்லீங்க, மேலே" என்று சொல்லத் துடிக்கும்.

வெப்சைட்டுகளை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதியது ஒன்று உண்டு, 5 பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: மாணவர் வேறு, பெற்றோர் வேறு என்றால் ஒவ்வொரு வகையினரிலும் தனித்தனியாகச் சில பேரைப் பார்க்க வேண்டும், திருத்தியபின் மறுபடியும் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்கு இந்தக் கஷ்டம் என்று எண்ணிக்கை வேண்டுமென்றால் இது உதவாது.

மெனுவுக்குப் பக்கங்களின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து "எதெதெல்லாம் ஒன்றாகச் சேரும், பிரித்து வையுங்கள்" என்று கேளுங்கள், கார்டு சார்ட்டிங் என்பார்கள். சீட்டாட்டம் மாதிரி இருப்பதால் டீக்கடை பெஞ்சிலேயே நடத்தலாம். அப்புறம் உங்கள் தளத்தின் சர்ச் பெட்டியில் ஜனங்கள் என்ன தட்டுகிறார்கள் என்ற பதிவை எடுங்கள். யாரையும் கேட்காமலே கிடைக்கிற கருத்து அது.

ஞாயிறுமட்டும்லீவு:
நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங், தபால்வழியில் பி.காம். இந்த மாதிரி ஃபார்ம் ஒன்று எங்களுக்கும் வந்தது. ஜிமெயிலில் உள்ளே போகச் சொன்னது, பாஸ்வேர்டு தம்பிக்குத்தான் தெரியும், அதோடு விட்டுவிட்டேன். போன் நம்பர் வேறு கேட்டது, எதற்கு என்று சொல்லவில்லை.

என்கிட்டே இருப்பது போன் மட்டும். முகப்பைத் திறந்தால் யாரோ யாருக்கோ சால்வை போடுகிற படம் ஒன்று மாற்றி ஒன்று ஓடும், எனக்கு வேண்டியது வருவதற்குள் பஸ் வந்துவிடும். எங்கப்பா மஞ்சள் போடுகிறவர். வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் பயிர் பெயரைத் தொட்டால் தமிழிலேயே வருகிறது, அதை எந்தத் துறை எழுதியது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்கு மட்டும் எந்த செக்‌ஷன், எந்த டைரக்டரேட் என்று தெரிந்தால்தான் வழி.

எங்களைக் கேட்கணும்னா ஞாயித்துக்கிழமை கேளுங்கள், தமிழில் கேளுங்கள்.

கோபிவாத்தியார்:
எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டுகிற ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் இதையும் வாசிக்கிறேன். தாராபுரத்துத் தம்பி சொன்ன அந்த ஸ்கேன் பிடிஎஃப், உங்களுக்குக் கழுத்து வலி, எனக்கு வெறும் மௌனம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய பக்கமென்றால் இன்னும் வேடிக்கை, 'அம்மா' என்று இருப்பதை ரீடர் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்கச் சொல்லி தமிழக அரசு 2010லேயே உத்தரவு போட்டுவிட்டது.

கடைசியில் எல்லாம் முடிந்தபின் "சார், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுவார்கள், அப்போது எதையும் மாற்ற முடியாது. தளத்துக்கு டிசைன் வரையும்போதே எங்களில் ரெண்டு பேரைக் கூப்பிடுங்கள். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, கமிட்டி யோசித்தால் அதை மேசையில் வையுங்கள்.

ரிட்டயர்டுசூப்பரிண்டெண்டெண்ட்:
தம்பி, கருத்து கேட்பது லேசு. முகப்பில் எங்கள் துறை வரவேண்டும் என்று ஒவ்வொருத்தரும் வந்து நிற்கும்போது என்ன செய்வாய்? நான் இருந்த ஆபீசில் இது நடந்து, கடைசியில் முகப்பு கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது, ஒரு சித்தப்பா பெயர் விடுபடவில்லை. வந்த கருத்தையெல்லாம் ஆள் பெயரை எடுத்துவிட்டு அப்படியே வெளியில் போடு. எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று பக்கத்திலேயே எழுது. அப்போதுதான் சித்தப்பாமார் கொஞ்சம் அடங்குவார்கள். அப்புறம், சர்டிபிகேட் கவுண்டரில் உட்காருகிற பெண்ணைக் கேட்டாயா? தினமும் ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்கிறவர் அவர்தான்.

கடைசிநாற்காலி:
இல்லீங்க ஐயா, கேட்கவே இல்லை. என் ரூமிலிருந்து அந்தக் கவுண்டர் நாற்பது அடிதான். இன்றைக்குப் போய் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றேன், வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது எங்கள் தளத்தில் ஏற்கெனவே இருக்கிற விஷயம். அவர் கைப்பட எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வழிமுறைத் தாள் எங்கள் பக்கத்தை விடத் தெளிவாக இருக்கிறது, போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஃபார்மை நாலு கேள்வியாக்கி, தமிழில், லாகின் இல்லாமல், நம்பர் கேட்காமல் போடுகிறேன். ஞாயித்துக்கிழமை திருப்பூர். கோபி ஐயா, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். ஆனால் எங்கள் தலைவருக்கு "எத்தனை பேர்" என்ற எண்ணிக்கைதான் வேண்டும், அதற்கு சர்ச் பதிவைக் காட்டிச் சமாளிக்கப் பார்க்கிறேன்.

தாராபுரத்தண்ணா, செவ்வாய்க்கிழமை வரட்டுங்களா?

தாராபுரத்தான்:
செவ்வாய் வேண்டாம், எங்க ஏரியாவில் பராமரிப்புன்னு சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காது. புதன் காலையில் வாங்க. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டில்தான்.