குளிர்ந்த அரங்கில் ஆறு புல்லாங்குழல்கள்: வழி சொல்லுங்கள்

அன்புடையீர், வணக்கம். அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் சிறுவர் புல்லாங்குழல் போட்டிக்கு என் மாணவர்கள் ஆறு பேரைக் குழுவாக அனுப்புகிறேன். 9 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகள். ஹம்சத்வனி ராகத்தில் ஒரு கீர்த்தனை, கொஞ்சம் கல்பனா ஸ்வரம் (வாசிக்கும்போதே கற்பனையாகக் கோக்கும் ஸ்வரங்கள்).

கவலை சுருதியைப் பற்றித்தான். எல்லாமே 5 கட்டைக் குழல்கள் (கட்டை என்பது அடிப்படைச் சுருதியின் அளவு), ஆனால் வெவ்வேறு கைவினைஞர்கள் செய்தவை. மூங்கிலில் துளை போட்ட பிறகு திருத்த இடமில்லை. வீட்டு வெப்பத்தில் உதட்டைச் சாய்த்து ஒருவாறு சேர்ந்துவிடுகிறார்கள். ஏசி அரங்கில் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் குழலின் சுருதி அரைச்சுரத்தில் (ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் அப்படித்தான் நடந்தது. மேடையிலேயே இருவர் கண் கலங்கினார்கள். அந்த முகங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

குழுவாக வாசித்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: மேடையேறும் முன் குழலை எவ்வளவு நேரம் ஊதிச் சூடாக்குவீர்கள்? பின்னணியில் ஆதார சுருதியை ஒலிக்கும் சுருதிப் பெட்டியைக் குழலுக்கு ஏற்ப இறக்கிக்கொள்ள நடுவர்கள் சம்மதிப்பார்களா? ஒரே கைவினைஞரிடம் ஆறு குழல்களையும் ஒத்த சுருதியில் செய்து வாங்கியவர்கள் இருந்தால், எத்தனை நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்பதையும் அவசியம் தெரிவியுங்கள்.

கடைசிச் சிறுமிக்கு விரல் சிறியது, கீழ்த்துளை சரியாக மூடுவதில்லை. அவளை விட்டுவிட மனமில்லை. அவளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.