வேன் கோவில்பாளையம் வரைக்கும்தான்

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் வைகாசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகனுக்குக் கல்யாணமாம். கணபதி பக்கம் இந்த வாடகைக்கு இனி வீடு கிடைக்காது. தோட்டத்துச் சாளைக்கே குடி வந்துவிடலாமா என்று நானும் கவிதாவும் பேசிக்கொண்டிருக்கிறோம். அய்யனுக்கும் துணை ஆகும். சிக்கல் பாப்பாவின் பள்ளிக்கூடம்தான். வேன் கோவில்பாளையம் வரைக்கும்தான் வரும். ஏறும் இடத்தை எழுதித் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவரவர் யோசனையைச் சொல்லுங்கள்.

மாமா: இனிய காலை வணக்கம் 🙏

மைதிலி: மாமா, மணி பதினொண்ணு

ருக்கு அத்தை: வாங்க சாமி. தென்புறத்து ரூம் பூட்டியே கிடக்குது. கரையான் வாடகை கொடுக்குமா?

மணி அண்ணன்: வரட்டும்

மைதிலி: வேன் எத்தனை மணிக்கு?

செந்தில்: அதைத்தான் விவரமாகச் சொல்கிறேன். பள்ளி பீளமேட்டில். மணி அடிப்பது 8.40. கோவில்பாளையத்தில் வேன் 7.05. தோட்டத்திலிருந்து கணேசபுரம் பிரிவு வந்து, அங்கிருந்து கோவில்பாளையத்துக்கு நான் வண்டியில் கொண்டுவிட வேண்டும். அப்படியென்றால் பாப்பா 5.30க்கு எழ வேண்டும். இப்போது 7 மணிக்கு எழுப்பவே தொண்டைத் தண்ணி வற்றிப்போகிறது. அப்புறம் சரவணம்பட்டி சிக்னல். அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தார்கள், சரி. கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் போகிறவர்களுக்கு அது. சத்தி ரோட்டுக்காரர்களுக்கு என்ன? மெட்ரோ திட்டத்திலும் நம் பாதை வலியாம்பாளையம் பிரிவோடு சரி. அந்த அறிக்கையையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2011 கணக்கெடுப்புப்படி கோவையில் 20 லட்சம் பேர் இல்லையாம். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் காலை எட்டு மணிக்குச் சரவணம்பட்டியில்தான் நிற்கிறார்கள்.

மணி அண்ணன்: இதை எவன் படிக்கறது

மைதிலி: நான் படிச்சேன். கடைசி வரி மட்டும்.

ருக்கு அத்தை: பொண்ணுப் பிள்ளைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லையே

மைதிலி: நிற்க இடமும் இல்லைங்க அத்தை

கவிதா: காலையைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். சாயங்காலம்தான் கஷ்டம். பாப்பா கோ-கோ டீமில் இருக்கிறாள். பயிற்சி முடிய 5.30 ஆகும். வேன் 4.15க்கே கிளம்பிவிடும்.

மணி அண்ணன்: தோட்டத்துல ஆடட்டும். இடமா இல்ல

கவிதா: ஒரு பக்கத்துக்கே ஒன்பது பேர் வேண்டும் மாமா

சரசு அண்ணி: அன்னூர்லயே சேர்த்துட்டா என்ன? எங்க ரெண்டும் அங்கதான் படிச்சது.

செந்தில்: எட்டாவது போகிறாள் அண்ணி. பதினொன்றாவது பொதுத்தேர்வைத்தான் எடுத்துவிட்டார்கள், பத்தாவது இருக்கிறதே. இந்த நேரத்தில் மாற்றினால்

மணி அண்ணன்: அன்னூர்ல படிச்சா பத்தாவது பாஸ் ஆகாதா?

செந்தில்: அப்படிச் சொல்லவில்லை அண்ணா

மணி அண்ணன்: பால் காசுல ஒருத்தனை டவுன் ஆஸ்டல்ல போட்டாங்க. இன்னொருத்தன் மாடு பிடிச்சுக் கட்டிட்டு அன்னூர் போனான். இன்னைக்கு ரெண்டு பேரும் சோறுதான் திங்கறோம்.

செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மைதிலி: நான் பார்த்துட்டேன்

மாமா: வெறும் வயிற்றில் வெந்தயம் சாப்பிட்டால் என்ன நடக்கும்? தவறாமல் படியுங்கள், பகிருங்கள்.

சரசு அண்ணி: அது இருக்கட்டும். மாரியம்மன் நோம்பிக்கு எடுத்துட்டுப் போன பெரிய அண்டா யார் வீட்டுல இருக்குது?

ருக்கு அத்தை: திருப்பூருக்கு வரல

சரசு அண்ணி: வந்துச்சுன்னு நான் சொல்லலீங்களே

ருக்கு அத்தை: (குரல் பதிவு 2:14)

மைதிலி: யாராவது கேட்டீங்களா?

கவிதா: கேட்டேன். முதலில் கொஞ்சம் அண்டா. மீதி முழுக்க அவங்க கல்யாணச் சீர்.

செந்தில்: தண்ணீர் எப்படி இருக்கிறது அண்ணா? வந்தால் குடிக்க, துவைக்கக் காணுமா?

மணி அண்ணன்: போர் 1,100 அடி. அதை நம்பாத. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் திறந்த பொறகு குளத்துக்குத் தண்ணி வருது. பவானியில உபரி இருந்தாத்தான் விடுவாங்க, இல்லைன்னா இல்லை. ஆனாலும் கிணத்துல ஏறியிருக்குது. எட்டிப் பார்த்தாத் தெரியும். அய்யன் தினமும் வெடியால போய் எட்டிப் பாக்கறாரு. வடக்கால கைப்பிடிச் சுவரு இடிஞ்சு கிடக்குது, அந்தப் பக்கமாத்தான் நிக்கறாரு. சொன்னாக் கேக்கறதில்ல. சரசு ரெண்டு நேரம் சோறு கொண்டு போறா, அன்னூர்ல இருந்துட்டு அதுக்கு மேல என்ன பண்றது. அதுக்குத்தான் ராத்தங்க ஒரு ஆள் வேணும்ங்கறேன். கோ-கோ பத்தி எனக்கென்ன தெரியும்.

மைதிலி: அண்ணா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல

மணி அண்ணன்: கேட்டாத்தானே

கவிதா: மாமா, இப்படிச் செய்யலாமா? காலாண்டுப் பரீட்சை வரை கோவில்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வேன் அங்கேயே வரும். அவர் பொழுதோட தோட்டத்துக்கு வந்து அய்யன்கூடப் படுத்துக்கட்டும்.

செந்தில்: இதை நாம் பேசவே இல்லையே

கவிதா: இப்போதான் தோணுச்சுங்க

ருக்கு அத்தை: சொந்தத் தோட்டம் இருக்க வாடகை வீடா? ஊரு சிரிக்கும்.

மைதிலி: சாயங்காலம் 5.30க்கு அவளை யார் கூட்டிட்டு வர்றது? அது அப்படியே நிக்குது

கவிதா: தெரியலை. படிவத்தில் கோவில்பாளையம்னு எழுதிடறேன். தோட்டமோ வாடகையோ, ஏறும் இடம் அதுதானே.

மணி அண்ணன்: சுவத்துக்கு நாளைக்கு ஆள் வரச் சொல்றேன். பாதிக் காசு செந்தில்.

செந்தில்: எவ்வளவு ஆகும்?

மாமா: அண்டா நம்ம கார் ஷெட்டில் இருக்கிறது. பழைய பேப்பர் போட்டு வைத்திருக்கிறேன்.

ருக்கு அத்தை: ஏனுங்க, போனை வையுங்க

செந்தில்: கோவில்பாளையத்தில் வாடகை நிலவரம் விசாரித்தவரை விவரமாக எழுதுகிறேன். முதலாவதாக

மணி அண்ணன்: நாளைக்கு